கார் ஏசியில் கேஸ் தீர்ந்துபோவதில்லை

பங்குனி பிறந்துவிட்டால் திண்டுக்கல்லில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வாயில் வரும் பேச்சு ஒன்றுதான்: “ஏசியில கேஸ் தீர்ந்துபோச்சு, அடிக்கணும்.” இந்த ஊர் வெயிலுக்கு அது நியாயமான கவலை. சிறுமலையும் கொடைக்கானல் மலையும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்றாலும், கீழே சமவெளியில் அக்னி நட்சத்திரம் முடியும்வரை 38, 40 டிகிரி சாதாரணம். வத்தலக்குண்டு வழியாக மலையேறும் வண்டியோ, ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பின்னால் லாரி வரிசையில் ஊர்கிற வண்டியோ, ஏசி வெறுங்காற்றாக வீசினால் உள்ளே உட்கார முடியாது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறிலிருந்துதான் மலிவு கேஸ், கலப்பு கேஸ், கடைசியில் சமையல் கேஸ் வரைக்கும் எல்லாச் சங்கடமும் கிளைக்கிறது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கம்ப்ரஸர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருகிற பொருள். அது குறைந்திருந்தால் எங்கோ வெளியே போயிருக்கிறது என்று மட்டுமே பொருள். எந்த மாற்று கேஸைப் போடலாம் என்ற கேள்விக்கு முன்னால், போன கேஸ் எந்த வழியாகப் போனது என்ற கேள்வி வரவேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் என் வாதம்.

“எல்லா வண்டியிலும் கொஞ்சம் கசியத்தானே செய்யும்?” என்று கேட்பீர்கள். செய்யும். கார் ஏசி வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி முழுக்கப் பற்றவைத்து மூடியது அல்ல. கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட் சுழற்றுவதால் அதன் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் உண்டு. எஞ்சின் ஆடுவதால் இடையில் ரப்பர் ஹோஸ் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ஓ-ரிங் இருக்கிறது. இவற்றின் வழியே மெல்லக் கசிவது இயல்பு. ஆனால் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு கார் ஏசி சட்டம், ஒரு கூலிங் காயில் உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 40 கிராம் என்று மேல்வரம்பு வைத்தது. சின்னக் காரில் ஏறக்குறைய 500 கிராம் கேஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வரம்பில் கசிகிற வண்டியே நாலைந்து கோடையைத் தாங்கும். ஒவ்வொரு சித்திரைக்கும் கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் ஆண்டுக்கு 200, 300 கிராம் போகிறது என்று பொருள். அது வயதானதால் வரும் தளர்ச்சி இல்லை, ஓட்டை. ஓட்டையை வைத்துக்கொண்டு எந்த கேஸ் உயர்ந்தது என்று பேசுவது, ஓட்டைக் குடத்துக்குக் காவிரித் தண்ணீரா போர்வெல் தண்ணீரா என்று யோசிப்பதற்குச் சமம்.

மாற்று கேஸ் என்ற பேச்சே ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ஓடிய மாருதி 800, அம்பாசிடர், பத்மினி போன்றவற்றில் ஏசி இருந்தால் பெரும்பாலும் அதில் இருந்தது ஆர்-12. தீப்பிடிக்காது, நச்சு குறைவு, சாதாரண மினரல் ஆயிலோடு ஒத்துப்போகும் என்று எல்லா நல்ல குணமும் கொண்ட கேஸ். பெரிய குறை, மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும். 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் இதை எச்சரித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று ஓசோனைக் காக்க மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992இல் இந்தியா சேர்ந்தது. நம் நாட்டில் இந்த வகை கேஸைத் தயாரித்தவை நான்கே நிறுவனங்கள். அதில் ஒன்று தமிழ்நாட்டிலேயே, மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். தயாரிப்பை மூடுவதற்காகப் பன்னாட்டு நிதியிலிருந்து 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2008 ஆகஸ்ட் 1 முதல், ஆஸ்துமா இன்ஹேலருக்கான அளவு தவிர, நாட்டில் தயாரிப்பு நின்றது. இன்று யாராவது “ஒரிஜினல் ஆர்-12 இருக்கு” என்று சிலிண்டரைக் காட்டினால், அது பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பழைய சரக்காக இருக்கவேண்டும், அல்லது லேபிளில் மட்டும் ஆர்-12 ஆக இருக்கவேண்டும். லேபிளை நம்பி ஏமாறுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2011 சாட்சி. ஆர்-12க்கு மாற்றாக வந்த ஆர்-134ஏவின் பெயரில் விற்ற போலி கேஸில் மீதைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்று பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறியது. வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் இறந்தார்கள். கார் ஏசியிலும் அலுமினியம்தான் அதிகம்.

அசல் கிடைக்காத இடத்தில் பட்டறைகளில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, வீட்டு ஏசிக்குப் போடும் ஆர்-22ஐ காரில் அடிப்பது. இதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. கண்டென்சர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஆர்-12இன் அழுத்தம் ஏறக்குறைய 15 பார், ஆர்-134ஏவுக்கு 17 பார், ஆர்-22க்கு 24 பார். நம்மூர் மதிய வெயிலில், காற்றோட்டம் இல்லாமல் சிக்னலில் நிற்கிற வண்டியில், 60 டிகிரி என்பது கற்பனை அல்ல. அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்படாத ஹோஸிலும் சீலிலும் அதை அடைப்பது வண்டிக்கும் ஆளுக்கும் ஆபத்து. இரண்டாவது வழி ஆர்-134ஏவுக்கு முறைப்படி மாற்றுவது; அதற்குப் பிறகு வருகிறேன். மூன்றாவது, ப்ரொப்பேன், ஐசோபியூட்டேன் கலந்த ஹைட்ரோகார்பன் கேஸ். அதன் நாட்டு வடிவம்தான் அடுப்படிச் சிலிண்டரிலிருந்தே ஏற்றிவிடுவது. நாட்டின் பல பகுதிகளில் நடப்பதுதான் இது. இங்கேதான் நின்று பேச வேண்டும்.

ஹைட்ரோகார்பனுக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சரியான விகிதத்தில் கலந்தால் ப்ரொப்பேனும் ஐசோபியூட்டேனும் ஏறக்குறைய ஆர்-12 மாதிரியே அழுத்தம் காட்டும். பழைய மினரல் ஆயிலோடு கலக்கும். ஆயிலை மாற்ற வேண்டியதில்லை. எடையில் ஆர்-12 போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஓசோனுக்குக் கேடில்லை, புவி வெப்பமாவதில் அதன் பங்கும் மிகச் சொற்பம். குளிர்ச்சியும் நன்றாகவே இருக்கும். “போட்டுப் பார்த்தோம், ஜில்லுனு இருக்கு” என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேஸ் குளிர்விக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதைத் தலைக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு பழனிக்குப் போகலாமா என்பது வேறு கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னக் காருக்கு 250 கிராம் ஹைட்ரோகார்பன் போடுகிறோம். அது முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 120 லிட்டர் கேஸ். சின்னக் காரின் உட்புறம் ஏறக்குறைய 2,500 லிட்டர் காற்று கொள்ளும். கண்ணாடி ஏற்றியிருக்கும்போது கூலிங் காயிலில் ஓட்டை விழுந்து அந்த கேஸ் அத்தனையும் உள்ளே வந்தால், காற்றில் அதன் பங்கு 5 சதவீதத்துக்கு அருகில் நிற்கும். எல்பிஜி தீப்பற்றுவதற்கு வேண்டிய அளவு ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம். அதாவது முழுதும் கசிந்தாலும் பற்றும், பாதி கசிந்தாலும் பற்றும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கால் பக்கம் தேங்கும். அந்த இடத்தில் பங்கு இன்னும் கூடுதலாக இருக்கும். ப்ளோயர் மோட்டாரின் தீப்பொறியோ, சிகரெட் லைட்டரோ, டேஷ்போர்டில் பிள்ளையாருக்கு ஏற்றிவைக்கும் ஊதுபத்தியோ போதும். இப்படி நடப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் பேசுவது எந்த வண்டியைப் பற்றி என்பதை மறந்துவிடக் கூடாது: ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த வண்டி. ஓட்டையை அடைக்காமல் மலிவாகக் கிடைக்கிறதே என்றுதான் இந்த கேஸைத் தேடுகிறோம். கசியாத வண்டிக்கு இது தேவைப்படாது. தேவைப்படுகிற வண்டி கசிகிற வண்டி.

“பெட்ரோல் டேங்கில் 25 லிட்டர் வைத்துக்கொண்டு ஓடுகிறோம், 250 கிராமுக்குப் பயமா? எல்பிஜி கிட் போட்ட கார்களே ஓடுகின்றனவே?” இது அடிக்கடி கேட்கப்படும், நல்ல கேள்வி. பெட்ரோல் டேங்க் ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வெளியே இருக்கிறது. கசிந்தாலும் ரோட்டில் சிந்தும்படி அமைத்திருக்கிறார்கள். எல்பிஜி கிட்டுக்கு அங்கீகாரம் உண்டு, சோதித்த டேங்க் உண்டு, ஆர்சி புத்தகத்தில் பதிவு உண்டு. ஏசியின் கூலிங் காயிலோ காற்றை நேராக நம் முகத்தில் வீசுவதற்கென்றே வைத்த உறுப்பு. எரிகிற பொருள் எதுவும் அதில் ஓடும் என்று அதை வடிவமைத்தவர் நினைக்கவில்லை. கண்டென்சரோ வண்டியின் மூக்கில் இருக்கிறது. முன்னால் போகிற டிராக்டரில் லேசாக இடித்தாலும் முதலில் கிழிவது அதுதான், அதற்குப் பின்னால் சூடான எஞ்சின். வீட்டு ஃப்ரிட்ஜில் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் இருக்கிறதே, கோத்ரெஜ் நிறுவனம் 2012இலேயே ப்ரொப்பேன் போட்ட வீட்டு ஏசியை விற்றதே என்பார்கள். இருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம். பன்னாட்டுத் தர விதி நெடுங்காலம் 150 கிராமைத் தாண்டவிடவில்லை. குழாய்கள் பற்றவைத்து மூடியவை, ஹோஸ் இல்லை, தண்டு சீல் இல்லை, நத்தம் ரோட்டுப் பள்ளத்தில் குதிப்பதும் இல்லை. அந்தப் பொருள்களை முதலிலிருந்தே எரியும் கேஸுக்கென்று வடிவமைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் காருக்கு ஹைட்ரோகார்பன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் சரிதான். ஆனால் அங்கே போடுவது ஏசிக்கென்றே சுத்திகரித்து விற்கும் கேஸ். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோ ஆர்-12 கார்களில் எரியும் கேஸை மாற்றாகப் போடுவதை ஏற்க முடியாது என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுப்புச் சிலிண்டர் இன்னும் மோசம். அதில் ப்ரொப்பேனும் பியூட்டேனும் எந்த விகிதத்தில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. எரிந்தால் போதும் என்பதற்குச் செய்த பொருள் அது. விகிதம் மாறினால் அழுத்தம் மாறும், குளிர்ச்சி மாறும். ஈரப்பதமும் கந்தகச் சேர்மங்களும் இருக்கலாம். நாற்றத்துக்காகச் சேர்க்கும் மெர்காப்டனும் கந்தகச் சேர்மம்தான். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், ஆயிலைக் கெடுத்து அமிலமாக்கும், கம்ப்ரஸரை உள்ளிருந்து தின்னும். இதற்கெல்லாம் மேலே, வீட்டுச் சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோக ஆணை தடுக்கிறது.

ஆக, பழைய ஆர்-12 வண்டிக்கு என்னதான் செய்வது? ஆர்-134ஏவுக்கு மாற்றுவதுதான் என்பது என் முடிவு. ஆனால் அதை ‘மாற்று கேஸ் அடிப்பது’ என்று நினைத்தால் அதுவும் தோற்கும். இந்த கேஸ் மினரல் ஆயிலோடு கலக்காது. ஆயில் கண்டென்சரின் அடியில் தங்கிவிடும், கம்ப்ரஸர் வறண்டு இறுகும். ஆகவே பழைய ஆயிலை முடிந்தவரை வடித்துவிட்டு எஸ்டர் ஆயிலோ பிஏஜி ஆயிலோ ஊற்ற வேண்டும். மினரல் ஆயில் மிச்சம் இருக்கும் பழைய வண்டிக்கு எஸ்டர் பொறுத்துப்போகும். பழைய டிரையரில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் இந்த கேஸுக்கு ஒத்துவராதவை. டிரையரை மாற்றியே ஆக வேண்டும். ஓ-ரிங்குகளை புது கேஸுக்குத் தகுந்த ரப்பரில் மாற்ற வேண்டும். அளவு ஆர்-12 போட்டதில் 80 முதல் 90 சதவீதம் போதும். அதை கேஜ் முள்ளைப் பார்த்து அடிக்கக் கூடாது, தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது அழுத்தம் வெப்பநிலையைத்தான் காட்டும். எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைக் காட்டாது. நாற்பது டிகிரி வெயிலில் முள் எகிறி நிற்பதைப் பார்த்து ‘ஃபுல்’ என்று சொன்ன வண்டி அரை வயிற்றோடு வீடு திரும்பும். ஆர்-134ஏ வெயிலில் கூடுதல் அழுத்தம் காட்டும் என்பதால் குளிர்ச்சி முன்பைவிடக் கொஞ்சம் குறையலாம். கண்டென்சரில் அப்பியிருக்கும் செம்மண் தூசியைக் கழுவி, முன் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்தாலே அந்தக் குறையில் பாதி போய்விடும். பல வண்டிகளில் கேஸ் குறையவே இல்லை, தூசிதான் கோளாறு.

பூட்டு செய்கிற ஊர்க்காரர்களுக்கு ஒன்று எளிதில் புரியும். ஆர்-12க்கும் ஆர்-134ஏவுக்கும் கேஸ் ஏற்றும் வாயை வேண்டுமென்றே வேறு வேறு வடிவில் வைத்தார்கள். ஒன்றின் குழாய் இன்னொன்றில் மாட்டாது. நம்மூர்ப் பூட்டுக்குத் தன் சாவி தவிர வேறு சாவி சேராதது போல, தவறான கேஸ் உள்ளே போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மாற்றும்போது புது வாயை நிரந்தரமாகப் பொருத்தி, பானெட்டுக்குள் எந்த கேஸ், எந்த ஆயில், எந்தத் தேதி என்று ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் முறை. அடாப்டர் போட்டு எதையும் எதிலும் ஏற்றுவது கள்ளச்சாவி வேலை.

2000க்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஆர்-134ஏவே இருக்கிறது. அவற்றுக்கு மாற்று கேஸ் தேடவே காரணமில்லை. அதே கேஸ் கடையில் கிடைக்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப்பைப் பழைய வண்டிக்குக் கேட்பவர்களும் உண்டு. விலை பல மடங்கு, லேசாக எரியக்கூடியது, பழைய வண்டிக்கு அதனால் கூடுதல் குளிர்ச்சி எதுவும் இல்லை. விட்டுவிடுங்கள்.

இனி செலவுப் பேச்சு. “வண்டியே சொற்பத்துக்கு விலை போகும், அதற்கு டிரையரும் சீலும் வேக்கமும் நைட்ரஜனும் யார் செலவழிப்பது?” பணம் கணக்காகச் செலவழிக்கிற குடும்பங்களின் கேள்வி இது, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் கசிவின் வழியே கேஸ் மட்டும் போவதில்லை, அதோடு ஆயிலும் போகிறது. கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிவதே அதற்கு அடையாளம். கேஸ் முழுதும் போய் அழுத்தம் விழுந்த பிறகு அதே வழியாகக் காற்றும் ஈரமும் நுழையும். இரண்டு மூன்று கோடை வெறும் டாப்-அப்பில் ஓட்டினால் கடைசியில் கம்ப்ரஸர் போகும், மொத்த ஏசியிலும் விலை கூடிய உறுப்பு அதுதான். கசிவு கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் அல்ல. உலர் நைட்ரஜன் ஏற்றி இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். (வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை மட்டும் ஒருபோதும் ஏற்றக் கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.) பிறகு அரை மணி, முக்கால் மணி வேக்கம் போட்டு, பம்பை நிறுத்தி முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு முற்பகல். ஓட்டையை அடைப்பதாகச் சொல்லி உள்ளே ஊற்றும் சீலர் திரவங்களை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவை வால்வையும் சேர்த்து அடைக்கும்.

ஒரு சிறிய காரின் கேஸால் உலகம் கெட்டுவிடுமா என்ற கேள்விக்கும் எண்ணிலேயே பதில் இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,300 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 500 கிராம் காற்றில் போனால் 650 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ஐந்து முறை போய்த் திரும்பினால் வெளிவிடும் புகைக்கு ஏறக்குறைய சமம் அது. பழைய கேஸை உறிஞ்சி எடுக்காமல் ‘புஸ்’ என்று திறந்துவிடும் ஒரு நிமிடத்தில் அது நடந்துவிடுகிறது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 2016 கிகாலி திருத்தத்தை 2021இல் ஏற்ற இந்தியா, 2028இல் இந்த வகை கேஸ்களின் உபயோகத்தை உறையவைத்து, 2032இலிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் இருக்கும் ரோட்டோரக் கார் பட்டறைப் பையன்கள் வரைக்கும் அந்தப் பயிற்சியும், கேஸை மீட்டெடுக்கும் இயந்திரமும் வந்து சேர வேண்டும். அதுவரை கேட்டுச் செய்யவைக்கும் பொறுப்பு வண்டிக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே யாராவது சமையல் கேஸோ, என்னவென்று தெரியாத கலப்பு கேஸோ போட்டிருந்தால், தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். அடுத்த பட்டறைக்குப் போனதும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். அவர் பக்கத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருக்கலாம்.